குடல் செருகல்: விட்டு விட்டு அழுத குழந்தையும், எங்களுக்குப் புரியாமல் போன பதினேழு மணி நேரமும்

இது எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்களை வெட்டியிருக்கிறேன். சில வாக்கியங்களைப் படிக்க வசதியாக மாற்றியிருக்கிறேன். மற்றபடி ஆடியோவில் இருப்பதுதான்.

வழக்கமா இங்க சாஃப்ட்வேர், டேட்டாபேஸ், வேலை இடத்துக் கதைகள்னு பேசுவோம். இன்னைக்கு வேற விஷயம். என் அக்கா பையனுக்கு ஏழு மாசத்துல நடந்த ஒரு விஷயம். அதுக்குப் பேர் இன்டஸ்ஸஸெப்ஷன். தமிழ்ல குடல் செருகல்னு சொல்லலாம்.

முதல்லயே சொல்லிடறேன், நான் டாக்டர் இல்ல. இன்ஜினியரிங் படிச்சு கோட் எழுதுறவன். இந்த எபிசோடுக்காக நிறைய படிச்சேன், குழந்தைகள் மருத்துவம் படிக்கிற என் தோழிகிட்ட ஒவ்வொரு பகுதியையும் காட்டிச் சரி பார்த்தேன். ஆனா உங்க குழந்தைக்கு என்னன்னு சொல்ல வேண்டியது நேர்ல பார்க்கிற டாக்டர்தான். நான் சொல்லப் போறது, எப்ப அவர்கிட்ட ஓடணும், போனதும் என்ன சொல்லணும் என்கிறது மட்டும்.

அந்த சனிக்கிழமை

அக்கா தேனி பக்கம் ஒரு சின்ன ஊர்ல இருக்காங்க. நான் சென்னையில. அந்த வாரம் முழுக்கப் பையனுக்குச் சளி, லேசா காய்ச்சல். வெள்ளிக்கிழமை சரியாகிடுச்சு. சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி இருக்கும், விளையாடிட்டு இருந்தவன் திடீர்னு வீறிட்டு அழுதிருக்கான். காலை ரெண்டையும் வயித்தோட மடக்கிக்கிட்டு, முகம் வெளுத்துப்போய். ரெண்டு மூணு நிமிஷம். அப்புறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி நிறுத்திட்டான். கொஞ்ச நேரத்துல மறுபடி.

வீட்டுல ஆளுக்கு ஒரு காரணம் சொன்னாங்க. மாமாவோட அம்மா உரம் விழுந்திருக்கும்னாங்க. பக்கத்து வீட்டுப் பாட்டி, "இது குடலேத்தம், விளக்கெண்ணெய் தொட்டுத் தடவுனா இறங்கிடும்"னு சொன்னாங்க. எட்டு மணிக்கு அக்கா எனக்குப் போன் பண்ணி, "டேய் தம்பி, நீதான் எல்லாத்தையும் தேடிப் பார்ப்பியே, கொஞ்சம் பாரு"ன்னு கேட்டாங்க.

நான் பார்த்தேன். அஞ்சு நிமிஷம் தேடிட்டு, "கோலிக்காத்தான் இருக்கும்க்கா, கேஸ். எல்லாக் குழந்தைக்கும் வரும், பயப்படாதீங்க"ன்னு சொல்லிட்டேன்.

அது தப்பு. எங்க தப்புன்னு பின்னாடி சொல்றேன்.

ராத்திரி ரெண்டு தடவை பால் வாந்தி. காலையில ஏழு மணிக்குப் பக்கத்துக் கிளினிக்குக்குத் தூக்கிட்டுப் போனாங்க. அங்க போய் உட்கார்ந்ததும் பையன் அக்கா தோள்ல தூங்கிட்டான். டாக்டர் வயித்தை அமுக்கிப் பார்த்தார், மெதுவா இருந்துச்சு. கேஸுக்குச் சொட்டு மருந்து கொடுத்து, "அதிகமானா வாங்க"ன்னு அனுப்பிட்டார்.

நம்ம தொழில்ல இதை எல்லாரும் பார்த்திருப்போம். யூசர்கிட்ட வர்ற பக், டெவலப்பர் முன்னாடி வரவே வராது. "என் மெஷின்ல ஒழுங்காத்தான் ஓடுது"ன்னு டிக்கெட்டை மூடிடுவோம். இந்த நோயும் அப்படித்தான். வலி விட்டு விட்டு வரும். இடைவெளியில குழந்தை நல்லா இருக்கிற மாதிரியே தெரியும். அந்த இடைவெளியில பார்த்தா எந்த டாக்டரும் ஏமாறலாம்.

வாட்ஸ்ஆப்ல இருந்த லாக்

ஞாயிற்றுக்கிழமை காலையில எழுந்து எங்க குடும்ப வாட்ஸ்ஆப் குரூப்பைத் திறந்தேன். ராத்திரி முழுக்க அக்கா மெசேஜ் போட்டிருந்தாங்க. "மறுபடி அழறான்." "தூங்கிட்டான்." "மறுபடி." சும்மா ஸ்க்ரோல் பண்ணவன், நேரத்தைப் பார்த்ததும் நின்னுட்டேன். 8:40, 8:58, 9:20, 9:37. ஏறக்குறைய இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை. சர்வர்ல யாரோ டைமர் வச்சு ஓட்டுற மாதிரி. பசிக்கோ தூக்கத்துக்கோ அழுற குழந்தை இவ்வளவு ஒழுங்கா அழாது.

அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து மருத்துவம் படிக்கிற தோழிக்கு அனுப்பினேன். அவங்க ரெண்டே கேள்விதான் கேட்டாங்க. "எத்தனை மாசம்?" "வாந்தி இருக்கா?" ஏழு மாசம், வாந்தி இருக்குன்னேன். "உடனே ஸ்கேன் இருக்கிற, குழந்தைகள் சர்ஜன் இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லு. நாளைக்கு இல்ல, இப்ப."

அக்காவுக்குப் போன் போட்டப்ப மணி பத்து. அப்பத்தான் பச்சையா வாந்தி எடுத்திருக்கான். அழுகைகூட நின்னுபோய் துவண்டு கிடந்தான். வீட்டுல சிலர் அதைப் பார்த்து, "அழுகை நின்னுடுச்சு, சரியாயிட்டான்"னு நிம்மதியா இருந்திருக்காங்க.

என்னதான் நடக்குது உள்ளே?

முழுக்கைச் சட்டையைக் கழட்டும்போது கை உள்பக்கமா மடிஞ்சு போகும் இல்லையா? பழைய ரேடியோவோட ஆன்டெனாவை மடக்கினா ஒரு குழாய் இன்னொரு குழாய்க்குள்ள போகும். அதேதான். குடலின் ஒரு பகுதி, அதற்கு அடுத்த பகுதிக்குள் செருகிக்கொள்கிறது. குழந்தைகளிடம் இது பெரும்பாலும் சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் இடத்தில், அதாவது வயிற்றின் வலது கீழ்ப் பக்கம் தொடங்குகிறது.

குடல் சும்மா கிடக்கிற குழாய் இல்ல. உணவைத் தள்ளுவதற்காகத் தொடர்ந்து சுருங்கி விரியும். உள்ளே போன பகுதியையும் அது உணவுன்னு நினைச்சு மேலும் மேலும் தள்ளும். ஒவ்வொரு தள்ளலும் ஒரு வலி. அதனாலதான் வலி அலை அலையா வருது.

குடல் தனியா உள்ளே போறதில்ல. ரத்தக் குழாய்கள் இருக்கிற சவ்வையும் இழுத்துக்கிட்டுப் போகுது. அந்த இறுக்கத்தில் முதலில் நசுங்குவது சிரைகள், அதாவது ரத்தத்தை வெளியே கொண்டு போகும் குழாய்கள். அவற்றின் சுவர் மெல்லியது, அழுத்தமும் குறைவு. தமனி வழியா ரத்தம் உள்ளே வந்துக்கிட்டே இருக்கு, வெளியே போக வழியில்ல. குடல் வீங்கும். வீங்க வீங்க இறுக்கம் கூடும். உள்பக்கச் சவ்விலிருந்து ரத்தமும் சளியும் கசியும். கடைசியில் தமனியும் அடைபட்டால் அந்தப் பகுதி அழுகிப்போகும், ஓட்டை விழலாம். இது நாள் கணக்கில் இல்லை, மணி கணக்கில் நகரும் நோய். எதுவும் செய்யாமல் விட்டால் சில நாட்களில் உயிரையே எடுத்துவிடும்.

யாருக்கு வரும், ஏன் வரும்?

மூன்று மாதத்திலிருந்து மூன்று வயது வரைதான் முக்கியமான காலம். அதிலும் ஐந்து முதல் ஒன்பது மாதக் குழந்தைகளிடம் அதிகம். பெண் குழந்தைகளை விட ஆண் குழந்தைகளுக்குச் சற்று அதிகம். பல நாடுகளின் கணக்கைச் சேர்த்துப் பார்த்தால், ஒரு வயதுக்குட்பட்ட 1 லட்சம் குழந்தைகளில் ஆண்டுக்குச் சுமார் 74 பேருக்கு வருகிறது. அபூர்வம்தான். ஆனால் ஒரு மாவட்டத்தில் ஆண்டுக்கு ஆண்டு சில குழந்தைகளுக்காவது வரும் என்கிற அளவுக்கு அபூர்வம்.

இந்த வயதில் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்குத் தெளிவான காரணம் எதுவும் கண்டுபிடிக்க முடியாது. பெரும்பாலும் நம்பப்படும் விளக்கம் இது: சிறுகுடலின் கடைசிப் பகுதியில் நோய் எதிர்ப்புக்கான திசுக்கட்டிகள் நிறைய உண்டு. சளியோ வயிற்றுப்போக்கோ வந்தால், கழுத்தில் நெறி கட்டுவது போல இவையும் வீங்கும். அந்த வீக்கத்தைப் பிடித்துக்கொண்டு குடல் முன்னால் தள்ளுகிறது. அடினோவைரஸ் தொற்றோடு இதற்குத் தொடர்பு இருப்பது நன்றாகத் தெரிந்த விஷயம். எங்க பையனுக்கு அந்த வாரம் சளி இருந்ததை நினைச்சுப் பாருங்க.

வயது கூடக் கூடக் கதை மாறும். ஐந்து, ஆறு வயதுக் குழந்தைக்கு வந்தால் உள்ளே வேறு ஏதாவது காரணம் இருக்கும் வாய்ப்பு அதிகம். பிறவியிலேயே குடலில் இருக்கும் சின்னப் பை, சதை வளர்ச்சி, சில சமயம் லிம்போமா என்கிற புற்றுநோய். அதனால் பெரிய குழந்தைகளிடம் குடலைச் சரிசெய்வதோடு நிறுத்தாமல் காரணத்தையும் தேடுவார்கள்.

பாடப்புத்தகத்தின் மூன்று அறிகுறிகள்

மருத்துவ மாணவர்கள் படிக்கும் மூன்று அறிகுறிகள்: விட்டு விட்டு வரும் வயிற்று வலி, வாந்தி, ரத்தமும் சளியும் கலந்த மலம். அந்த மலத்தைப் புத்தகத்தில் ரெட் கரண்ட் ஜெல்லி என்று எழுதியிருப்பார்கள். நம்ம ஊர்ல ரெட் கரண்ட் பழத்தை யார் பார்த்திருக்கா? நாவல்பழ ஜாம்னு வச்சுக்கோங்க. அடர் சிவப்பு, வழவழன்னு இருக்கும்.

பிரச்சினை என்னன்னா, மூன்றும் ஒன்றாக இருக்கும் குழந்தைகள் சிறுபான்மைதான். ரத்த மலம் பெரும்பாலும் தாமதமாக வரும் அறிகுறி. அது வரட்டும்னு காத்திருந்தால் குடல் ஏற்கெனவே பாதிக்கப்பட்டிருக்கும். "மலத்துல ரத்தம் இல்லையே, அப்ப அது இல்ல"ன்னு முடிவு பண்ணவே கூடாது. எங்க பையனுக்கு வீட்டுல ரத்தமே தெரியல. ஆஸ்பத்திரியில டாக்டர் ஆசனவாயில் விரல் வைத்துப் பார்த்தபோதுதான் கையுறையில் சிவப்பாகச் சளி வந்தது.

வாந்தி முதலில் வெறும் பாலாக இருக்கும். குடல் அடைபட அடைபடப் பச்சையாகும். பச்சை என்றால் பித்தநீர். கைக்குழந்தை பச்சையா வாந்தி எடுத்தா, காரணம் எதுவாக இருந்தாலும் அது அவசரம்தான். காத்திருக்கக் கூடாது.

நான்காவதாக ஒன்று இருக்கு, பெற்றோர் அதிகம் ஏமாறுவது இதில்தான்: துவண்டு போதல். அழுகையே பெரிதாக இல்லாமல், குழந்தை வெளுத்துப்போய், கூப்பிட்டால் சரியாகத் திரும்பாமல், தூங்கி வழிவது. சில குழந்தைகளுக்கு இது மட்டுமே அறிகுறியாக இருக்கும். டாக்டர்களே சில நேரம் மூளைத் தொற்றோ என்று அந்தப் பக்கம் தேடுவார்கள்.

இப்ப என் தப்புக்கு வர்றேன். கோலிக் என்பது பிறந்த சில வாரங்களில் தொடங்கி, ஆறாவது வாரம் வாக்கில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலும் மூன்று நான்கு மாதத்தில் தானாக நின்றுவிடும் விஷயம். அதுவரை அப்படி அழாத ஏழு மாதக் குழந்தைக்குத் திடீரென ஒரு சாயங்காலம் கோலிக் தொடங்காது. நான் படிச்ச பக்கத்துலயே வயசு போட்டிருந்தது. நான்தான் தலைப்பை மட்டும் படிச்சேன்.

குடலேத்தம் பற்றி ஒரு வார்த்தை. பாட்டியைக் குறை சொல்ல நான் வரல. அவங்க அனுபவத்துல பாதிக் குழந்தைகள் தடவினதும் அமைதியாகியிருக்கும், ஏன்னா பாதி வலிகள் தானா போயிடும். இந்த நோயிலயும் தடவி முடிக்கிற நேரத்துல வலி அலை இறங்கியிருக்கும். மருந்து வேலை செஞ்ச மாதிரியே இருக்கும். ஆனா செருகின குடல் வெளியிலிருந்து தடவுறதால வெளியே வராது. வீங்கி நோயில இருக்கிற குடலை அமுக்கினா ஆபத்து. அதைவிடப் பெரிய நஷ்டம், போற நேரம்.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

மதுரையில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தப்ப பதினொன்றே முக்கால். மாமா அந்த வாட்ஸ்ஆப் நேரங்களைக் காட்டியிருக்கார். கூடவே அக்கா வழியில எடுத்த அரை நிமிஷ வீடியோ. டூட்டி டாக்டர் அதைப் பார்த்துட்டு உடனே ஸ்கேனுக்கு அனுப்பினார்.

டாக்டர் கையால் பார்க்கும்போது வயிற்றின் வலது மேல் பக்கம் நீளமாக, கொழுக்கட்டை மாதிரி ஒரு கட்டி தட்டுப்படலாம். வலது கீழ்ப் பக்கம் காலியாக இருப்பது போலத் தெரியலாம். ஆனால் அழும் குழந்தையிடம் இதைக் கண்டுபிடிப்பது எளிதல்ல. கட்டி தெரியவில்லை என்பதால் நோய் இல்லை என்று ஆகாது.

இன்றைக்கு முக்கியப் பரிசோதனை அல்ட்ராசவுண்ட். நாம சாதாரணமா ஸ்கேன்னு சொல்றது. ஊசி இல்ல, கதிர்வீச்சு இல்ல, மயக்க மருந்து இல்ல. அனுபவமுள்ளவர் செய்தால் 100ல் 97, 98 குழந்தைகளிடம் சரியாகக் கண்டுபிடித்துவிடலாம். சுருட்டி வச்ச பாயை ஓரத்துல இருந்து பார்த்தா வட்டத்துக்குள்ள வட்டமா தெரியும் இல்லையா? செருகிய குடலைக் குறுக்கே ஸ்கேன் செய்தால் அப்படித்தான் தெரியும். டாக்டர்கள் இதை டார்கெட் சைன் என்பார்கள். டாப்ளர் போட்டு ரத்த ஓட்டம் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள்.

எக்ஸ்ரே ஆரம்பத்தில் சாதாரணமாகவே இருக்கலாம். அதனால் அது மட்டும் போதாது. குடலில் ஓட்டை விழுந்து காற்று வெளியே வந்திருக்கிறதா, அடைப்பு எந்த அளவு என்று பார்க்க அது உதவும்.

இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை, எதிர்ப்பக்கத்தில். வயிற்றுப்போக்குக்கு ஸ்கேன் எடுத்த குழந்தையின் ரிப்போர்ட்டில் சிறுகுடலுக்குள்ளேயே சின்ன அளவில் செருகல் இருப்பதாக எழுதியிருக்கலாம். நீளம் குறைவாக, தானாக உருவாகித் தானாகவே விலகிவிடும் வகை அது. குழந்தை நன்றாக இருந்தால் பெரும்பாலும் சிகிச்சை தேவைப்படாது. அந்த வார்த்தையை ரிப்போர்ட்டில் பார்த்ததும் பதற வேண்டாம். எந்த இடத்தில், எவ்வளவு நீளம் என்று டாக்டரிடம் கேளுங்கள்.

சிகிச்சை: கத்தியில்லாமல் தள்ளுவது

எனக்கு ரொம்ப ஆச்சரியமா இருந்தது இந்தப் பகுதிதான். பெரும்பாலான குழந்தைகளுக்கு ஆபரேஷன் தேவையில்லை. குடல் எந்தத் திசையில் உள்ளே போனதோ, அதற்கு எதிர்த் திசையிலிருந்து, ஆசனவாய் வழியாகக் காற்றையோ திரவத்தையோ அழுத்தத்தோடு செலுத்தி, செருகிய பகுதியை வந்த வழியே வெளியே தள்ளுகிறார்கள். எனிமா கொடுத்துச் சரிசெய்வது.

முதலில் குழந்தையை நிலைப்படுத்துவார்கள். கையில் ஊசி போட்டு நரம்பு வழியாகத் திரவம். வாந்தி அதிகம் என்றால் மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒரு குழாய். தேவைப்பட்டால் ஆன்டிபயாடிக். நீர்ச்சத்து இல்லாமல் துவண்ட குழந்தைக்கு இதைச் செய்யாமல் அடுத்த கட்டத்துக்குப் போகக் கூடாது.

பிறகு ஆசனவாயில் ஒரு மென்மையான குழாயை வைத்து, கசியாமல் இறுக்கிப் பிடிப்பார்கள். காற்று என்றால் எக்ஸ்ரே திரையில் பார்த்தபடி, சுமார் 80 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில் தொடங்கி, 120ஐத் தாண்டாமல் செலுத்துவார்கள். பி.பி. அளக்கும் அதே அலகுதான். திரவம் என்றால், மிதமான சூட்டில் சலைன் நீரை ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்தில் தொங்கவிட்டு, புவியீர்ப்பிலேயே இறங்க விட்டு, அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே செய்வார்கள். இதில் கதிர்வீச்சு இல்லை. எங்க பையனுக்குச் செஞ்சது இதுதான்.

ஒவ்வொரு முயற்சியும் சில நிமிடங்கள். வழக்கமாக மூன்று முறை வரை முயல்வார்கள். காற்றோ நீரோ தடையில்லாமல் சிறுகுடலுக்குள் பாய்ந்து போவது திரையில் தெரிந்தால் குடல் விடுபட்டுவிட்டது என்று அர்த்தம். பாதி விலகி நின்றுவிட்டால், குழந்தை நன்றாக இருக்கும்பட்சத்தில், சிறிது நேரம் விட்டு மறுபடி முயல்வதும் உண்டு. அந்த இடைவெளியில் வீக்கம் குறைந்து அடுத்த முறை வெற்றி கிடைக்கலாம்.

நேரத்தோடு வந்த குழந்தைகளில், அனுபவமுள்ள இடங்களில், 100ல் 80 முதல் 90 பேருக்கு இது வேலை செய்கிறது. குடலில் ஓட்டை விழும் ஆபத்து 100ல் ஒன்றுக்கும் குறைவு. ஆனாலும் அந்த ஆபத்து இருப்பதால்தான் குழந்தைகள் சர்ஜன் தயாராக இருக்கும் இடத்தில் மட்டுமே இதைச் செய்ய வேண்டும். தாமதம் ஆக ஆக வெற்றி விகிதம் குறையும்.

ஏற்கெனவே ஓட்டை விழுந்திருந்தாலோ, வயிறு முழுக்கத் தொற்று பரவி விறைத்திருந்தாலோ, குழந்தை ஷாக் நிலையிலிருந்து மீளாமல் இருந்தாலோ எனிமா கூடாது. நேராக ஆபரேஷன். எனிமா பலிக்காவிட்டாலும் அதுவே. அங்கும் சர்ஜன் குடலைப் பிடித்து இழுக்க மாட்டார், இழுத்தால் கிழியும். பற்பசையை அடியிலிருந்து பிதுக்குவது போல மறுமுனையிலிருந்து மெல்ல அழுத்தி வெளியே தள்ளுவார். அழுகிய பகுதி இருந்தால் அதை வெட்டி எடுத்து, நல்ல முனைகளை இணைப்பார். பல இடங்களில் இப்போது லேப்ராஸ்கோபியிலும் செய்கிறார்கள்.

இந்த எனிமா முறை புதுசு இல்ல. டென்மார்க்கில் கோபன்ஹேகன் நகரத்துக் குழந்தை மருத்துவர் ஹரால்ட் ஹிர்ஷ்ஸ்ப்ருங் 1876லேயே நீரழுத்தத்தில் இதைச் செய்து எழுதினார். 1905ல் 107 குழந்தைகளின் விவரத்தை வெளியிட்டார். அதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமானோர் இறந்திருந்தார்கள். அந்தக் காலத்துக்கு அது பெரிய முன்னேற்றம். லண்டனில் ஜொனாதன் ஹட்சின்சன் 1871ல் இரண்டு வயதுக் குழந்தைக்கு ஆபரேஷன் செய்து வெற்றி கண்டார். 1948ல் அமெரிக்காவில் மார்க் ராவிட்ச் எனிமாதான் முதல் சிகிச்சையாக இருக்க வேண்டும் என்று வாதாடினார். 1986ல் சீன மருத்துவர்கள் 13 ஆண்டுகளில் 6,396 குழந்தைகளுக்குக் காற்றழுத்தத்தில் செய்த அனுபவத்தை வெளியிட்டார்கள். ஸ்கேன் மெஷின் தவிர அடிப்படை யோசனை அன்னைக்கு இருந்ததேதான்: வந்த வழியே திருப்பி அனுப்பு.

அப்புறம் என்ன ஆச்சு?

முதல் முயற்சியில் பாதி தூரம்தான் நகர்ந்தது. அக்கா வெளியே தரையில உட்கார்ந்துட்டாங்க. ரெண்டாவது முயற்சியில் நீர் சிறுகுடலுக்குள்ள பாய்ஞ்சது. டாக்டர் வெளியே வந்து, "வந்துடுச்சும்மா, ஆபரேஷன் வேண்டாம்"னு சொன்னப்ப மணி ரெண்டு. சாயங்காலமே பால் குடிச்சான். அடுத்த நாள் வரைக்கும் வச்சுப் பார்த்துட்டு அனுப்பினாங்க.

போகும்போது டாக்டர் ஒண்ணு சொன்னார். எனிமாவில் சரியான குழந்தைகளில் பத்தில் ஒருவருக்கு இது திரும்ப வரும். பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று நாட்களில், சில சமயம் மாதங்கள் கழித்தும். திரும்ப வந்தாலும் பெரும்பாலும் மறுபடி எனிமாவே போதும். ஆனால் இந்த முறை காத்திருக்க வேண்டாம், நேரா வந்துடுங்கன்னார்.

தடுப்பூசிக் கேள்வி

இந்த எபிசோடு பற்றிச் சொன்னதும் ஒரு நண்பர் கேட்டார்: "ரோட்டாவைரஸ் சொட்டு மருந்தால இது வருமாமே? அப்ப போடலாமா?" நியாயமான கேள்வி. மழுப்பாமல் பதில் சொல்றேன்.

1998 ஆகஸ்டில் அமெரிக்காவில் ரோட்டாஷீல்ட் என்ற முதல் ரோட்டாவைரஸ் தடுப்பு மருந்து அனுமதி பெற்றது. அடுத்த ஜூலைக்குள் அதைப் பெற்ற 15 குழந்தைகளுக்குக் குடல் செருகல் வந்ததாகக் கண்காணிப்பு அமைப்புக்குத் தகவல் வந்தது. உடனே நிறுத்தி ஆராய்ந்தார்கள். சுமார் 10,000 குழந்தைகளில் ஒருவருக்குக் கூடுதல் ஆபத்து என்று தெரிந்தது. 1999 அக்டோபரில் மருந்து திரும்பப் பெறப்பட்டது. என் பார்வையில இது கண்காணிப்பு ஒழுங்கா வேலை செஞ்ச கதை. புரொடக்ஷன்ல அலர்ட் அடிச்சது, ரோல்பேக் பண்ணாங்க.

அதன் பிறகு வந்த ரோட்டாரிக்ஸ், ரோட்டாடெக் இரண்டும், ஒவ்வொன்றும் 60,000க்கு மேற்பட்ட குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டன, குறிப்பாக இந்த ஆபத்தைப் பார்ப்பதற்காகவே. அமெரிக்கா போன்ற நாடுகளில் இவற்றால் 20,000 முதல் 1 லட்சம் குழந்தைகளில் ஒருவருக்குக் கூடுதலாக வரலாம் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள், பெரும்பாலும் மருந்து கொடுத்த முதல் வாரத்தில்.

இந்தியாவில் 2016ல் அரசுத் திட்டத்தில் ரோட்டாவாக் சேர்ந்தது. அதன் பெரிய பரிசோதனை நடந்த மூன்று இடங்களில் நம்ம வேலூரும் ஒன்று. அறிமுகமான பிறகு 27 மருத்துவமனைகளில் குடல் செருகலோடு வந்த 970 குழந்தைகளைப் பதிவு செய்து ஆராய்ந்தார்கள். 2020ல் வெளியான முடிவு: தடுப்பு மருந்தால் ஆபத்து கூடியதாகத் தெரியவில்லை. இன்னொரு பக்கம், இந்தத் திட்டத்துக்கு முன்பு ரோட்டாவைரஸ் வயிற்றுப்போக்கால் இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட சுமார் 78,000 குழந்தைகள் ஆண்டுதோறும் இறந்ததாக மதிப்பீடு. ஆறு, பத்து, பதினான்காவது வாரங்களில் கொடுக்கும் சொட்டு மருந்தைத் தவறவிடாதீங்க. ஏற்கெனவே குடல் செருகல் வந்த குழந்தை என்றால் மட்டும் கொடுக்கும் முன் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்க.

ஞாபகம் வச்சுக்க வேண்டியது

மூணு மாசத்துக்கு மேல, மூணு வயசுக்குள்ள இருக்கிற குழந்தை. திடீர்னு காலை மடக்கி வீறிட்டு அழுறது, நிக்கிறது, மறுபடி அழுறது. கூடவே வாந்தி, அல்லது துவண்டு போறது. இதைப் பார்த்தா விடியட்டும்னு காத்திருக்காதீங்க. பச்சை வாந்தியோ மலத்துல ரத்தமோ இருந்தா யோசிக்கவே வேண்டாம், 108ஐக் கூப்பிடுங்க.

போகும்போது அழுத நேரங்களை எழுதிக்கோங்க. முடிஞ்சா ஒரு தடவை வீடியோ எடுங்க. டாக்டர் முன்னாடி குழந்தை அழாம இருக்கலாம், வீடியோ அழும். கஷாயம், கிரைப் வாட்டர், வசம்பு எதுவும் ஊத்தாதீங்க. தாய்ப்பால் கொடுக்கலாமான்னு ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிக் கேட்டுக்கோங்க. "இது குடல் செருகலா இருக்குமா, ஒரு ஸ்கேன் பார்க்கலாமா?"ன்னு கேட்க வெட்கப்படாதீங்க. தமிழ்ல கேட்டாப் போதும், டாக்டருக்குப் புரியும்.

ஒரு விஷயம் இன்னும் மனசுல இருக்கு. அந்தப் பதினேழு மணி நேரத்துல யாரும் குழந்தையை அலட்சியமா விடல. பாட்டி ராத்திரி முழுக்க முழிச்சிருந்தாங்க. அக்கா ஒரு வாய் சாப்பிடல. எல்லாருக்கும் அக்கறை இருந்துச்சு, இந்த நோயோட பேர்தான் யாருக்கும் தெரியல. இப்ப எங்க வீட்டுல எல்லாருக்கும் தெரியும். பக்கத்து வீட்டுப் பாட்டிகூட இப்ப யாராவது குடலேத்தம்னு குழந்தையைத் தூக்கிட்டு வந்தா, "வாந்தி எடுத்தானா? விட்டு விட்டு அழுறானா?"ன்னு முதல்ல கேட்கிறாங்களாம். ஆமான்னா எண்ணெயைத் தொடாம ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடறாங்களாம்.

பையனுக்கு இப்ப ரெண்டு வயசு. போன வாரம் வீடியோ கால்ல என் லேப்டாப்பைப் பார்த்து "மாமா, கார்ட்டூன்"னு கேட்டான்.

வீட்டுல சின்னக் குழந்தை இருக்கிற யாருக்காவது இந்த எபிசோடை அனுப்புங்க. அடுத்த வாரம் வழக்கம்போல டேட்டாபேஸ் பக்கம் திரும்பிடுவோம்.